வரைகிறவரும் சொல்லிக்கொடுக்கிறவரும் ஆராய்கிறவரும் ஒரே ஆள்: இது ஆய்வாகுமா?

கோரையும்_கோடும்

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். 2012ல் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வாரத்துக்கு மூன்று அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டில் படம் வரைவது, இப்போது பகுதிநேர முனைவர் பட்டமும் சேர்ந்துகொண்டது. வாழ்க்கையே பகுதிநேரம்தான், விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்தமடையில் பாய் நெய்கிற வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பார்க்கிறார்கள், தொடுகிறார்கள், வீட்டுக்காரர்கள் விட்டால் நாலு கோரை கோத்தும் பார்க்கிறார்கள், பள்ளிக்குத் திரும்பி வந்து வரைகிறார்கள். அதே தறிக்கு முன்னால் உட்கார்ந்து நானும் வரைகிறேன். என் படத்தில் எங்கே சிக்கினேனோ அது அடுத்த வாரப் பாடத்தை மாற்றுகிறது, பிள்ளைகள் வரைந்துகொண்டு வருவது என் படத்தை மாற்றுகிறது, இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டே போனால் அதிலிருந்து அடுத்த கேள்வி எழும்புகிறது. இப்படிக் கலையைச் செய்துகொண்டே, அந்தச் செய்கையையே கருவியாக வைத்து ஆராய்வதைக் கலைவழி ஆய்வு என்கிறார்கள். கனடாவில் ஆர்ட்டோகிராபி என்று ஒரு கிளையே இருக்கிறது, அதில் ஓவியர், ஆசிரியர், ஆய்வாளர் மூன்று பேரும் ஒரே ஆளுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

என் நெறியாளர் நல்ல மனிதர். ஆனால் மூன்றாம் இயலை நீட்டினதும் மாதிரி எத்தனை பேர், வினாநிரல் எங்கே, எந்தப் புள்ளியியல் சோதனை என்று கேட்டுவிட்டு, "படத்தை எல்லாம் பின்னிணைப்பில் போட்டுருங்கம்மா" என்கிறார். அந்தப் படங்கள்தான் ஆய்வு. அதைப் பின்னிணைப்பில் போட்டால் முன்னால் என்ன மிஞ்சும்?

கேள்வி இரண்டு. நம் பக்கத்தில் யாராவது இந்த மாதிரி செய்து பட்டம் வாங்கியிருக்கிறீர்களா? அப்புறம், நான் செய்வது உண்மையிலேயே ஆய்வா, இல்லை நல்ல பாடம் நடத்திவிட்டு அதற்கு ஆய்வு என்று பெயர் வைக்கிறேனா? முகத்துக்கு நேரே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

ஓய்வுபெற்ற_கணக்கு

முகத்துக்கு நேரே என்றதால் சொல்கிறேன் டீச்சர். நான் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியார், செயலாராய்ச்சி (வாத்தியார் தன் வகுப்பிலேயே செய்கிற சின்ன ஆய்வு) என்ற பேரில் முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அனுபவமும் உண்டு. பிள்ளைகளைப் பாய் நெய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது அருமையான காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அருமையான காரியம் எல்லாம் ஆய்வு ஆகிவிடாது. ஆய்வு என்றால் தப்பாகப் போவதற்கு அதில் இடம் இருக்க வேண்டும். நீங்கள் வரைந்தீர்கள், பிள்ளைகள் வரைந்தார்கள், எல்லாரும் மாறினார்கள், சரி. மாறாமல் போயிருந்தால் அதை உங்கள் முறை எப்படிக் காட்டியிருக்கும்? நீங்களே ஓவியர், நீங்களே வாத்தியார், நீங்களே ஆராய்ச்சியாளர் என்றால் பரீட்சை எழுதுகிறவரும் திருத்துகிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறாரே. கேள்வித்தாளும் அவரே எடுத்தது.

கலைத் திருவிழா வந்த பிறகு பள்ளிக்கூடங்களில் எதைச் செய்தாலும் போட்டோ எடுத்து ஏற்றிவிட்டு "கற்றல் விளைவு" என்று ஒரு வரி போடுகிற பழக்கம் வந்திருக்கிறது. உங்களுடையது அந்த வகை இல்லை என்று தெரிகிறது. ஆனால் வித்தியாசத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

பாளை_நூலகத்தூண்

கணக்கு சார் கேட்டது நியாயமான கேள்வி. வெளிநாட்டில் இதே கேள்வியை மேடை போட்டே கேட்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் பின்னணி.

இந்தப் பேச்சைக் கல்வித்துறைக்குள் பெரிதாகக் கொண்டுவந்தவர் ஸ்டான்ஃபோர்டில் இருந்த எலியட் ஐஸ்னர். ஓவியப் பயிற்சி பெற்றவர், சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் பேராசிரியர் ஆனார். 1996ல் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்க மாநாட்டில், ஒரு நாவலை முனைவர் பட்ட ஆய்வேடாக ஏற்கலாமா என்று அவரும் ஹோவர்ட் கார்ட்னரும் எதிரெதிரே நின்று வாதாடினார்கள். ஐஸ்னர் ஏற்கலாம் என்றார், கார்ட்னர் ஆய்வேட்டுக்கென்று ஒரு ஒழுங்கு வேண்டும் என்றார். இத்தனைக்கும் கார்ட்னர் அறிவு ஒரே வகை இல்லை, பல வகை என்று பல்வகை நுண்ணறிவு பேசியவர், கலைக்கு எதிரி இல்லை. டீச்சர் சொல்கிற ஆர்ட்டோகிராபி வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா இர்வின் குழு வளர்த்தது, 2004ல் அவர்களுடைய முதல் தொகுப்பு வந்தது. 2014ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் நிக் சூசானிஸ் முழு ஆய்வேட்டையும் காமிக்ஸாகவே வரைந்து கொடுத்து முனைவர் பட்டம் வாங்கினார், ஹார்வர்டு பதிப்பகம் அதை அடுத்த வருடம் புத்தகமாகப் போட்டது. ஆக, படத்தைப் பின்னிணைப்பில்தான் போட வேண்டும் என்று உலகச் சட்டம் ஒன்றும் கிடையாது.

ஆனால் இதையெல்லாம் நெறியாளரிடம் சொன்னால் "அது கனடா" என்பார். அதனால் இங்கேயே தேடுங்கள். ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்திநிகேதனில் படித்து, பரோடாவில் சொல்லிக்கொடுத்து, நடுவில் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையில் வேலை பார்த்தவர். கைவினைஞர்களோடு பழகி அவர் எழுதியதையும், சுவரிலும் சுடுமண்ணிலும் அவர் செய்ததையும், பரோடா மாணவர்களை வைத்து நடத்திய கலைச் சந்தைகளையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே வேலை. பெயர்தான் யாரும் வைக்கவில்லை.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். நாங்குநேரியில் பிறந்த நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை ஆசிரியர்தான், பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார், 1969ல் "ஆராய்ச்சி" இதழைத் தொடங்கினார். அவருக்கு நாட்டுப்பாடல் சேகரித்துக் கொடுத்தவர்களில் கிராமத்து வாத்தியார்கள், கட்சித் தோழர்கள் எல்லாரும் உண்டு. பல்கலைக்கழகம் கேட்டுச் செய்தது இல்லை, பல்கலைக்கழகம் பிறகுதான் வந்து வாங்கிக்கொண்டது. அவர் பாடகர் இல்லை, அதனால் டீச்சர் கேட்பதற்கு முழு உதாரணம் ஆகமாட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருப்பவர் ஆய்வு செய்ய யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த மண்ணிலேயே அவர் அத்தாட்சி.

மகுடம்_பேரன்

கனடா, பரோடா எல்லாம் போயாச்சு, இப்போ நான் கொஞ்சம் பேசுகிறேன்.

எங்கள் தாத்தா கணியான் கூத்தில் அண்ணாவி. தெரியாதவர்களுக்கு: சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் அண்ணாவி கதை பாடுவார், ஒருத்தர் பின்பாட்டு, இரண்டு பேர் மகுடம் என்ற தோல் கருவியை அடிப்பார்கள், இரண்டு பேர் பெண் வேடம் கட்டி ஆடுவார்கள். மகுடம் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தீயில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள்.

தாத்தா பாடுகிறவர். எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூடம் மாதிரி உட்கார வைத்து இல்லை, கொடை நடக்கும்போதே, ஒரு அடியை விட்டுவிட்டுப் பார்ப்பார், பின்பாட்டுக்காரன் அதைப் பிடிக்கிறானா என்று. அப்புறம் ஊருக்கு ஊர் கதை மாறும். இந்தக் கோயிலில் சாமி எங்கிருந்து வந்தது, அங்கே யாருக்கு முதல் மரியாதை, எந்த இடத்தில் பாட்டை இழுத்தால் சாமியாடிக்கு அருள் இறங்கும், எந்த இடத்தில் இழுத்தால் சண்டை வரும், எல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டுதான் ஏறுவார். போன வருடம் அந்த ஊரில் எப்படிப் பாடினோம் என்று ஒப்பிட்டுப் பேசுவார். இதற்கு என்ன பெயர்? கலைஞர், ஆசிரியர், ஆய்வாளர் மூன்றும் ஒரே ஆளில்லையா?

ஆனால் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எழுதுகிற ஆய்வேட்டில் தாத்தா "தகவலாளி". பெயர், வயது, ஊர், கல்வித் தகுதி "இல்லை". அவ்வளவுதான். ஒரு ஆய்வாளர் விடிய விடியப் பதிவு பண்ணிக்கொண்டு போனார், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார். தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிரதி இன்னும் வரவில்லை.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மூன்று வேலையும் ஒரே ஆள் செய்வதுதான் புதுசு என்றால், யாருக்குப் புதுசு? பத்தமடையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொம்பளைகள் உங்கள் ஆய்வேட்டில் எந்த இயலில் உட்காருவார்கள்? நன்றியுரையிலா?

கோரையும்_கோடும்

தம்பி, நன்றியுரை என்று நீங்கள் போட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கணக்கு சாருக்கு, ஏனென்றால் அவர் கேட்டதுக்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதை முதல் பதிவில் எழுத விட்டுப்போனது.

ஓவிய ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் டிராயிங் லோயர், ஹையர் பாஸ் பண்ண வேண்டும், தெரியும்தானே. அந்தப் பரீட்சை கையை ஒரு மாதிரி பழக்கிவிடும். முதலில் அவுட்லைன், அப்புறம் உள்ளே நிறம். நாங்களும் பிள்ளைகளுக்கு அதையேதான் ஏற்றுகிறோம். அதனால்தான் "இயற்கைக் காட்சி வரை" என்றால் இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்கள் வகுப்பு ஜன்னலில் பொதிகை மலை அப்படியே தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே முக்கோணம் போடுகிறார்கள்!

தறி முன்னால் உட்கார்ந்து வரையும்போது அந்தப் பழக்கம் உதவவில்லை. பாயில் ஒரு பூவோ கோபுரமோ வருகிறது என்றால் அதற்கு ஓரக்கோடு முதலில் வராது. ஒவ்வொரு கோரையாகப் பாவுக்குள், அதாவது தறியில் இழுத்துக் கட்டிய நூலுக்குள் போய், அச்சு அடித்து நெருக்க நெருக்க, உருவமும் அதன் பின்புலமும் ஒன்றாகவே மேலேறி வரும். பாதியில் நிறுத்தினால் பாதி பூ, ஆனால் அந்தப் பாதி முழுசாக முடிந்த பாதி. நான் அதை அவுட்லைன் போட்டு வரைந்தால் பாயின் படம் வருகிறதே தவிர நெய்கிறது வருவதே இல்லை. கடைசியில் தாளின் அடியிலிருந்து வரி வரியாக, ஓரக்கோடே இல்லாமல், நிறத்தை மட்டும் வைத்து ஏறத் தொடங்கினேன். அப்போதுதான் வந்தது.

அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். கட்டம் போட்ட தாள், அடியிலிருந்து ஒவ்வொரு வரி, பென்சில் அவுட்லைன் கிடையாது, அழி ரப்பர் கிடையாது. நடந்தது என்னவென்றால், "எனக்கு வரையவே வராது டீச்சர்" என்று கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் முன்னால் வந்தார்கள், வகுப்பில் நன்றாக வரைகிற இரண்டு பேர் திணறினார்கள், ஒருத்தன் அழுதேவிட்டான். இது நான் எதிர்பார்த்துப் போனது கிடையாது. வினாநிரல் வைத்துக்கொண்டு போயிருந்தால் "பாய் நெசவு உங்களுக்குப் பிடித்திருந்ததா, ஆம், இல்லை" என்றுதான் கேட்டிருப்பேன். ஓரக்கோடு என்ற ஒன்றைக் கேள்வியாகப் பார்க்கவே என் கை அங்கே சிக்க வேண்டியிருந்தது. வரையாத ஆய்வாளருக்கு அந்தச் சிக்கல் வராது, வகுப்பு எடுக்காத ஓவியர் அதைத் தன் படத்தோடு முடித்துக்கொண்டிருப்பார். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற_கணக்கு

இது நல்ல விஷயம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே டீச்சர்!

ஆனால் விட மாட்டேன். நீங்கள் இப்போது சொன்னதில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. "பாய் ஓரக்கோடு இல்லாமல் வளர்கிறது" என்பது நீங்கள் செய்து பார்த்துக் கண்டது, நம்பாதவன் தானும் உட்கார்ந்து வரைந்து பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு மாதிரி எத்தனை என்று கேட்பது அசட்டுத்தனம், உங்கள் நெறியாளர் கேட்டாலும் அசட்டுத்தனம்தான். ஆனால் "வரையாத பிள்ளைகள் முன்னால் வந்தார்கள்" என்பது பிள்ளைகளைப் பற்றிய கூற்று. அதற்கு உங்கள் படம் சாட்சி ஆகாது. புது விளையாட்டு எதைக் கொடுத்தாலும் கடைசி பெஞ்சு கொஞ்ச நாள் முன்னால் வரும், நான் அபாகஸ் கொண்டுவந்தபோதும் வந்தது, அப்புறம் திரும்பிப் போய்விட்டது. அது கட்டத்தாளின் வேலையா, புதுசு என்பதன் வேலையா, பத்தமடைக்குப் போய் வந்த குஷியா? இதைப் பிரிக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எட்டாவது_வருடம்

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் ஆய்வேடு எழுதுகிற ஜாதி. நடைமுறையைச் சொல்கிறேன்.

அக்கா, நெறியாளரோடு தத்துவம் பேசாதீர்கள். ஆய்வைப் பார்வையிடுகிற டாக்டரல் கமிட்டி கூடும்போது அவர் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயத்தில்தான் வினாநிரல் கேட்கிறார். அவர் கையில் கொடுக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள். தேதி போட்ட நோட்டு. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் என்றைக்கு, எந்த வீட்டில், அப்போது என்ன பாடம் நடந்தது, இந்தப் படத்துக்குப் பிறகு பாடத்தில் எது மாறியது. கெட்டுப்போன படத்தைத் தூக்கிப் போடவே போடாதீர்கள், நீங்கள் சொன்ன ஓரக்கோடு கதைக்கு அந்தக் கெட்ட படங்கள்தான் ஆதாரம், நல்லது மட்டும் இருந்தால் கணக்கு சார் சொன்ன பரீட்சைக் கதைதான். எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்தில் ஒரே தூரத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். கடைசியில் ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் பி.டி.எஃப்.ஆகத்தான் போய் உட்காரும், வாய்மொழித் தேர்வு அன்றைக்கு நீங்கள் எவ்வளவு அழகாகக் கண்காட்சி வைத்தாலும் அது அங்கே ஏறாது. படம் இயலுக்குள் இருக்க வேண்டும், பக்கத்திலேயே உங்கள் எழுத்து இருக்க வேண்டும், ஒன்றை எடுத்தால் மற்றது புரியக் கூடாது. அப்படிச் செய்துவிட்டால் பின்னிணைப்புக்குத் தள்ள யாராலும் முடியாது.

இன்னொன்று, இதை ஏன் யாரும் கேட்கவில்லை என்று தெரியவில்லை. பிள்ளைகள் வரைந்த படம் யாருடையது? எட்டாம் வகுப்புப் பிள்ளையின் படத்தை ஆய்வேட்டில் போட பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள், தலைமை ஆசிரியர் அனுமதி தனி. அழுத பையனின் படத்தைப் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம், வகுப்பில் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். நீங்கள் அவனுக்கு மதிப்பெண் போடுகிறவரும்கூட என்பதால் அவன் "சரி டீச்சர்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று வேடம் போட்டால் அதிகாரமும் மூன்று மடங்கு, அதைப் பற்றி அந்தக் கனடா ஆட்களைவிட நாம்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும், நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளை டீச்சரிடம் முடியாது என்று சொல்லாது.

நாங்குநேரி_பஸ்

வானமாமலை பெயர் வந்த இடத்தில் இன்னொரு நாங்குநேரிக்காரர் பெயர் வராமல் போவது சரியில்லை. சே. இராமானுஜம். பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, தில்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தவர், சிறுவர் நாடகத்துக்கு நிறையச் செய்தவர். திருக்குறுங்குடி நம்பி கோயிலில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் கைசிக நாடகம் நடக்கும், பாணர் குலத்து நம்பாடுவானும் அவரை வழிமறிக்கும் பிரம்மராட்சசனும் வருகிற கதை. தேய்ந்துபோய்க் கிடந்த அதை 1999ல் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் இவரும் சேர்ந்து மறுபடி நிறுத்தினார்கள். இப்போதும் வருடா வருடம் நடக்கிறது, போய்ப் பாருங்கள், குளிரும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் டீச்சருக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. தேய்ந்த ஒன்றை மீட்கும்போது இடைவெளி இருக்கத்தான் செய்யும். இந்த இடத்தில் நடிகன் எப்படித் திரும்பினான், இந்தப் பாட்டு எந்த வேகம் என்பதற்குச் சுவடியில் பதில் இருக்காது. அங்கே இயக்குநர்தான் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு ஆய்வா படைப்பா என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது, நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கும்போதுதான் அது நிற்குமா நிற்காதா என்று தெரியும். மூன்றும் வேண்டியிருக்கிறது. என் எதிர்பார்ப்பு என்னவென்றால், எது கிடைத்தது, எதை நாமே இட்டு நிரப்பினோம் என்பதைப் பார்க்கிறவனுக்குத் தெரிய வைக்க வேண்டும். மேடையில் அது தேவையில்லை. ஆய்வேட்டில் கட்டாயம் தேவை.

பத்தமடை_மருமகள்

நான் பதிவு எல்லாம் போடுகிறவள் இல்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் இத்தனை பேர் எங்கள் பாயைப் பற்றிப் பேசும்போது சும்மா இருக்க முடியவில்லை. மாமி நெய்கிறார், நான் பாதி நேரம் உதவி, பாதி நேரம் தையல்.

டீச்சர் சொன்னது பாதி சரி. கோரைக்கு ஓரக்கோடு இல்லை என்பது கண்ணுக்குத்தான். நாங்கள் பாவு இழையை எண்ணித்தான் பூ எடுக்கிறோம். எத்தனை இழை விட்டு எத்தனை எடுப்பது, எந்த வரியில் சாயக் கோரை மாறுவது எல்லாம் முதல் கோரை போடும் முன்பே மாமி தலையில் இருக்கும். ஓரக்கோடு எண்ணிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயர் போடும்போது எங்கள் வீட்டில் எழுத்தைக் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவோம், ஒரு இழை பிசகினால் "ர" "ா" ஆகிவிடும், பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். பட்டுப்பாய் என்றால் இன்னும் மோசம், கோரையை ஆற்றில் ஊறப்போட்டு எடுத்து நூல் மாதிரி கிழித்து நெய்வது, பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும். உங்கள் பிள்ளைகள் வந்தால் மாமி சிரித்துக்கொண்டே பேசுவார், அவர்கள் போன பிறகு பிரித்து மறுபடி போடுவார். இதை யாரும் நோட்டில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் காசு. பிள்ளைகள் வருகிற அன்றைக்கு அரை நாள் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பதால் கேட்க வாய் வராது. ஆராய்ச்சி என்று ஒன்று நடந்து அதற்குப் பட்டம், சம்பள உயர்வு எல்லாம் வரும் என்றால், அரை நாள் கூலியை முதலிலேயே பேசிவிடுவது மரியாதை. உங்கள் பக்கமிருந்து வந்த யாரையும் நான் குறை சொல்லவில்லை, எல்லாரும் நல்லவர்கள்தான், பிஸ்கெட் பாக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

கோரையும்_கோடும்

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். கூலி அடுத்த தடவையிலிருந்து முன்கூட்டியே, பிஸ்கெட் இல்லாமல். எப்படி, எவ்வளவு என்பதை மாமியிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

எண்ணிக்கை விஷயம் என் நாலாம் இயலைத் திருப்பிப் போடுகிறது. வரையத் தெரியாது என்ற பிள்ளைகள் முன்னால் வந்ததற்கு, ஓரக்கோடு போனது காரணமாக இல்லாமல் எண்ணிக்கை வந்தது காரணமாக இருக்கலாமே? அந்தப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் கணக்கில் கெட்டிக்காரர்கள், இப்போதுதான் உறைக்கிறது. உங்களுக்குச் சம்மதம் என்றால் இந்தப் பதிவை உங்கள் வாதமாக, உங்கள் பெயரில், என் வாதத்துக்கு எதிராக அந்த இயலுக்குள்ளேயே வைக்கிறேன். மகுடம் தம்பி கேட்டதற்கும் இதுதான் என் பதில், இப்போதைக்கு. தகவலாளி பட்டியலில் போட்டால் மாமியின் வயதும் ஊரும்தான் வரும், அவர் யோசிக்கிற விதம் வராது.

பின்னிணைப்பு விஷயத்தில் நெறியாளரிடம் எட்டாவது வருடம் தம்பி சொன்ன மாதிரி நோட்டையும் கெட்ட படங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஓரக்கோடு கதையைச் சொன்னதும் அவரே ஒரு தாளை எடுத்து அடியிலிருந்து வரி போட்டுப் பார்த்தார். படம் நாலாம் இயலுக்குள் வரலாம் என்று சொல்லியிருக்கிறார். வினாநிரலை இன்னும் விடவில்லை.

மகுடம்_பேரன்

சரி டீச்சர், எதிர்வாதமாக வைக்கிறேன் என்றது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முகப்பில் ஒரே பெயர்தான் இருக்கும், பட்டமும் ஒருத்தருக்குத்தான். அந்த இடத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பதிந்து வைக்கிறேன்.

எட்டாவது_வருடம்

முகப்பில் ஒன்றும் செய்ய முடியாது தம்பி, அது ஆய்வாளர் பெயரில்தான் போகும். கட்டுரையாக வெளியிடும்போது செய்யலாம், இதழ்களில் கூட்டாசிரியராகப் போடத் தடை இல்லை. மருமகள் அக்காவும் மாமியும் சம்மதித்தால் முதல் கட்டுரையை அப்படிப் போடலாம். ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற_கணக்கு

எண்ணிக்கைதான் காரணமா என்று பார்ப்பது சுலபம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்குக் கட்டத்தாள், எண்ணி வரைய வேண்டும். இன்னொரு பாதிக்கு வெற்றுத்தாள், அடியிலிருந்து வரி வரியாக, ஆனால் எண்ண வேண்டாம். ஓரக்கோடு இருவருக்குமே கிடையாது. ஒரு மாதம் கழித்து மாற்றிக் கொடுங்கள், புதுசு என்ற குஷியும் வடிந்திருக்கும். படங்களை வேறு பள்ளி ஓவிய ஆசிரியர் இரண்டு பேரிடம் பெயர் மறைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் திருத்தக் கூடாது. மதிப்பெண் பட்டியல் போட நான் வருகிறேன், பஸ் காசு வேண்டாம். கட்டத்தாள் மட்டும் கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் கிராப் ஷீட் வாங்கிவிடாதீர்கள், பிள்ளைகளுக்குக் கண் வலிக்கும், ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும்.